90 விநாடித் திகில் ட்ரெய்லர்: சத்தத்தில் தொடங்கிப் படத்தை வெட்டும் முறை

திருகோணமலையில் குறும்படம் எடுக்கும் புதியவர்கள் திகில் ட்ரெய்லருக்கு வந்தால் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் போகிறார்கள். முதலில் படம்பிடிப்பு, பிறகு வெட்டு, கடைசி இரவில் இணையத்தில் கிடைத்த ஒரு பயமுறுத்தும் இசையை எடுத்து மேலே போடுவது. அப்படிச் செய்ததில் இருட்டு இருக்கும், முகத்தில் மாவும் மையும் இருக்கும், பயம் மட்டும் இராது.

இங்கே வரிசை தலைகீழ். முதலில் சத்தத்தைத் தெரிவுசெய்து பதிகிறோம். அதை 90 விநாடிக்கு அடுக்குகிறோம். அந்த அடுக்குக்குத் தேவையான ஷொட்டுகளை மட்டும் எடுக்கிறோம். கண் படச் சட்டத்துக்குள் இருப்பதை மட்டுமே பார்க்கும். காது சட்டத்துக்கு வெளியே, சுவருக்கு அப்பால் நிற்பதையும் கேட்கும். பேயை நிறுத்த வேண்டிய இடம் அந்த அப்பால்தான்.

விளக்கம் அந்தரத்தில் நிற்காமலிருக்க ஒரு கதையை வைத்துக்கொள்வோம். உப்புவெளியில் கடற்கரைக்குச் சற்று உள்ளே ஒரு பழைய ஓட்டுவீடு. தாயும் எட்டு வயது மகளும் மட்டும். இரவு இரண்டு மணிக்குக் கிணற்றடியில் யாரோ தண்ணீர் அள்ளும் சத்தம் கேட்கிறது. இவ்வளவுதான் கதை. கீழே வரும் படிகள் எல்லாம் இந்தக் கிணற்றைச் சுற்றியே போகும்.

தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

ஷட்டரையும் (ஒவ்வொரு பிரேமும் ஒளி வாங்கும் நேரம்) ஐ.எஸ்.ஓ.வையும் (ஒளிக்கான உணர்திறன்) கையால் பூட்டக்கூடிய கமரா, அல்லது அப்படிப் பூட்டும் ஆப் உள்ள போன். ஆடாத ட்ரைபொட். ஒலிப்பதிவுக்குத் தனிக் கருவி அல்லது இரண்டாவது போன். காதை முழுதாக மூடும் ஹெட்போன். இரண்டு டோர்ச், நீள வயரில் ஒரு 9 வாட் எல்.இ.டி. பல்ப், ஒரு வெள்ளைச் சீலை, ஒரு கறுப்புத் துணி, சாம்பிராணி. கணினியில் படம் வெட்ட டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பும் ஒலிக்கு ஓடாசிட்டியும் போதும்.

கமராவை விநாடிக்கு 25 பிரேமிலும் ஷட்டரை 1/50 விநாடியிலும் வையுங்கள். இலங்கையில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். வீட்டு விளக்குகள் விநாடிக்கு 100 தடவை கூடிக் குறையும். போன் வாங்கியபடியே 30 பிரேம், 1/60 இல் எடுத்தால் டியூப் லைட்டின் கீழும் மலிவான எல்.இ.டி.யின் கீழும் படத்தில் கறுப்புப் பட்டைகள் ஊரும். வெட்டும்போது அதை அகற்றுவது பெரும்பாடு.

அனுமதியை முதல் வாரத்திலேயே பாருங்கள். திருகோணமலைக் கோட்டைக்குள் இராணுவ முகாம் இருக்கிறது. துறைமுகக் கரையில் கடற்படை, சீனக்குடாவில் விமானப்படை. ட்ரோன் பறக்கவிட சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் அனுமதி வேண்டும். தனியார் வீட்டு வளவில் எடுத்தாலும், இரவில் வெளிச்சமும் அலறலும் இருந்தால் அயல்வீடுகளுக்கும் கிராம அலுவலருக்கும் பொலிஸுக்கும் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். அலறல் கேட்டு ஆட்கள் ஓடிவருவது அவர்களுடைய பிழையல்ல.

கோணேசர் கோயில் சூழலையும் உப்புவெளியிலுள்ள போர்க்கால மயானத்தையும் திகில் காட்சிக்குப் பாவிக்க வேண்டாம். ஒன்று ஆட்கள் கும்பிடும் இடம், மற்றது உண்மையான ஆட்கள் புதைக்கப்பட்ட இடம்.

1. ஒரே ஒரு சத்தத்தைத் தெரிவுசெய்யுங்கள்

அந்தச் சத்தத்துக்கு மூன்று தகுதி வேண்டும். பார்ப்பவர் எல்லாருக்கும் அது பழக்கமானதாக இருக்க வேண்டும். எண்ணக்கூடியதாக இருக்க வேண்டும். அது கேட்டால் யாரோ ஓர் ஆள் அங்கே இருக்கிறார் என்று பொருள்பட வேண்டும்.

கிணற்றுக் கப்பி மூன்றிலும் தேறும். கயிறு இழுக்கும்போது கிரீச், கிரீச், கிரீச் என்று மூன்று தடவை, பிறகு வாளி கிணற்றுக்கட்டில் தட்டும் ஓசை. படலை, ஊஞ்சல், தையல் மெஷின், அம்மியில் குழவி உருளும் சத்தம் இவையும் தேறும். கடல் தேறாது, அதற்குத் தொடக்கமும் இல்லை முடிவும் இல்லை, எண்ண முடியாது. கோட்டைக்குள் திரியும் புள்ளிமான்கள் மிரண்டால் எழுப்பும் கூச்சல் நல்ல சத்தம்தான். ஆனால் அது மான் என்று வேறூரில் கேட்பவருக்குத் தெரியாது; தெரியாத சத்தம் திகைப்பைத் தரும், அச்சத்தைத் தராது.

எண்ணக்கூடியதாக ஏன் இருக்க வேண்டும்? மூன்று என்று ஒருமுறை பழகிவிட்டால், அடுத்த தடவை இரண்டாவது கிரீச்சுக்குப் பிறகு பார்ப்பவரின் மனமே மூன்றாவதைத் தேடும். அந்தத் தேடல்தான் உங்கள் கையிலுள்ள கயிறு. எப்போது இழுப்பது, எப்போது விடுவது என்பதே மிச்ச வேலை முழுவதும்.

இந்த ஊருக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். குண்டுச் சத்தம், ஹெலிகொப்டர், சைரன், கரையை நோக்கிப் பாயும் கடலின் இரைச்சல் ஆகியவற்றைப் பயமுறுத்தும் கருவியாக எடுக்காதீர்கள். போரையும் 2004 டிசம்பர் 26 சுனாமியையும் உடம்பால் கடந்தவர்கள் உங்கள் பார்வையாளர்களில் இருப்பார்கள். அவர்களுக்கு அது திரையில் முடிந்துபோகும் பயமல்ல.

2. அந்தச் சத்தத்தை மூன்று தூரத்தில் பதியுங்கள்

ஒரே கப்பியை மூன்று இடத்திலிருந்து பதிய வேண்டும். மைக் கப்பிக்கு 15 சென்ரிமீற்றரில் ஒன்று. 3 மீற்றர் தள்ளி முற்றத்தில் ஒன்று. வீட்டுக்குள், யன்னலைச் சாத்திவிட்டு உள்ளேயிருந்து ஒன்று. ஒவ்வொன்றிலும் ஐந்து தடவை இழுக்கச் சொல்லுங்கள், வேகத்தை மாற்றி மாற்றி.

புதியவர்கள் கிட்டத்தில் ஒரு தடவை பதிந்துவிட்டு வொலியூமைக் குறைத்தால் தூரமாகிவிடும் என்று நினைக்கிறார்கள். ஆகாது. தூரத்துச் சத்தத்தில் மேல் அலைவரிசைகள் குறைந்திருக்கும், சுவரில் பட்ட எதிரொலி கூடியிருக்கும். காது இவற்றை வைத்துத்தான் தூரத்தை அளக்கிறது. வொலியூமை மட்டும் குறைத்தால் கிட்ட நின்று மெல்ல முனகுவது போலத்தான் இருக்கும்.

மே முதல் செப்டெம்பர் வரை கச்சான் காற்று மைக்கைப் பாழாக்கும். பஞ்சு உறைக்கு மேல் ஒரு தடித்த காலுறையைப் போட்டு, சுவர் மறைவில் நின்று பதியுங்கள். காற்று பொதுவாகத் தணிந்திருக்கும் விடியற்காலை நல்லது. ஆனால் மீன்பிடிப் படகுகளின் எஞ்சின் சத்தம் அந்நேரம் வரும். ஹெட்போனைப் போட்டபடி காத்திருங்கள். மிஞ்சிய உறுமலை 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடலாம்.

வெறும் அறையின் சத்தத்தை இரண்டு நிமிடம் பதிவது கட்டாயம். எவரும் கதைக்காமல், ஃபானை நிறுத்தி, பிரிட்ஜைக் கழற்றிவிட்டுப் பதியுங்கள். ஏழாம் படியில் இதுதான் உங்கள் ‘மௌனம்’. பத்துப் பேரில் ஒன்பது பேர் மறப்பதும் இதைத்தான்.

கடலின் இரைச்சல் அடித்தளமாக வேண்டுமென்றால் கரையில் நின்று பதியாதீர்கள். கிட்ட நின்றால் கிடைப்பது வெறும் ‘ஸ்ஸ்’. போனில் கேட்டால் பழுதான ரேடியோ மாதிரி இருக்கும். கரையிலிருந்து 200 மீற்றர் உள்ளே, ஒரு வீட்டின் பின்பக்கத்தில் நின்றால் தாழ்ந்த முழக்கம் மட்டும் வரும்.

3. சமையலறையிலிருந்து இசை

இணையத்து இசைத்துண்டு இரண்டு வகையில் கெடுக்கும். அதே துண்டைப் பார்ப்பவர் வேறு பத்து வீடியோவில் கேட்டிருப்பார். அதன் ஏற்ற இறக்கம் உங்கள் கதைக்கு அமைந்ததல்ல, ஆகவே படத்தை இசைக்கு ஏற்ப வளைக்க வேண்டிவரும். உரிமைப் பிரச்சினை வேறு.

பித்தளைத் தாம்பாளத்தை ஒரு மரக்கரண்டியால் தட்டி, ஓசை முழுதாக அடங்கும்வரை பதியுங்கள். ஓடாசிட்டியில் அதைப் பின்முன்னாகத் திருப்பினால், ஒன்றுமில்லாததிலிருந்து வளர்ந்து சட்டென்று அறுந்துபோகும் ஏற்றம் கிடைக்கும். வயலின் வில் கிடைத்தால் தாம்பாளத்தின் விளிம்பில் இழுங்கள். உலோகம் அழுவது போன்ற நீளமான ஓசை வரும். அதை அரை வேகமாக்கினால் சுருதி ஒரு ஸ்தாயி இறங்கும், நீளம் இரண்டு மடங்காகும். உங்கள் கருவியில் 96 கிலோஹெர்ட்ஸில் பதிய வழியிருந்தால் அப்படிப் பதியுங்கள். வேகத்தைக் குறைத்தபின்னும் ஓசை மந்தமாகாது.

தாழ்ந்த முழக்கத்தில் ஒரு பொறி இருக்கிறது. ஹெட்போனில் நெஞ்சை அதிரவைக்கும் 40 ஹெர்ட்ஸ் முழக்கம் போன் ஸ்பீக்கரில் கேட்கவே கேட்காது. பல போன்கள் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய ஊமை. அதே முழக்கத்தைப் பிரதியெடுத்து மூன்று ஸ்தாயி உயர்த்தி, மெல்லிதாகக் கீழே சேர்த்துவிடுங்கள். போனில் அந்தப் பிரதி கேட்கும், அரங்கில் மூலம் கேட்கும்.

4. 90 விநாடிக்கு ஒலி வரைபடம்

கமராவைத் தொடுமுன் வெட்டும் மென்பொருளின் டைம்லைனில் சத்தத்தை மட்டும் அடுக்குங்கள். திரை கறுப்பாகவே இருக்கட்டும். கிணற்றுக் கதைக்கு வரைபடம் இப்படி வரும்.

0 முதல் 6 வரை: கறுப்புத் திரை, தூரத்துக் கப்பி மூன்று தடவை, வாளி. 6 முதல் 24 வரை: பகல், தாய் தண்ணீர் அள்ளுகிறாள், அதே மூன்று கிரீச் கிட்டத்தில், படத்தோடு. கேள்வியை முதலில் போட்டுப் பதிலைப் பிறகு கொடுக்கிறோம். ‘ஓ, கிணறுதானா’ என்று பார்ப்பவர் தளர வேண்டும். தளர்ந்தவரைத்தான் பயமுறுத்த முடியும்.

24 முதல் 42 வரை: இரவு, வீட்டுக்குள். கப்பி இப்போது சாத்திய யன்னலுக்கு அப்பால். 42 முதல் 60 வரை: தாய் டோர்ச்சோடு வெளியே போகிறாள், சத்தம் கிட்ட வருகிறது, கிணற்றடியில் எவரும் இல்லை, கயிறு மட்டும் நனைந்திருக்கிறது. அந்நேரம் கப்பிச் சத்தம் வீட்டுக்குள்ளிருந்து வருகிறது. வீட்டுக்குள் கப்பி இல்லை. ட்ரெய்லரின் முதுகெலும்பு இந்த இடம்.

60 முதல் 76 வரை வேகமான அடுக்கு. 76 முதல் 82 வரை மௌனமும் எண்ணிக்கையும். 82 இல் அடி, அதாவது திடுக்கிடவைக்கும் சத்தமும் படமும். அதன்பின் தலைப்பு.

சத்தம் கிட்ட வருவதற்கு அதிக கவனம் கொடுங்கள். கூடிக்கொண்டு வரும் சத்தத்தை, அதே அளவு குறைந்துகொண்டு போகும் சத்தத்தைவிடப் பெரிய மாற்றமாக மனிதக் காது உணர்கிறது. நெருங்கி வருவது ஆபத்தாக இருக்கலாம் என்பதால் உடம்பு முன்கூட்டியே தயாராகிறது. ஆகவே உள்ளே பதிந்தது, 3 மீற்றரில் பதிந்தது, 15 சென்ரிமீற்றரில் பதிந்தது என்ற வரிசையை ஒருபோதும் குழப்பாதீர்கள். நடுவில் ஒரு தடவை மீண்டும் தூரத்துச் சத்தத்தைப் போட்டால் அவ்வளவு நேரம் கட்டிய இறுக்கம் கழன்றுவிடும்.

வரைபடம் முடிந்ததும் கண்ணை மூடிக் கேளுங்கள். படமே இல்லாமல் முதுகு சிலிர்க்கவில்லையென்றால் படம் பிடிக்கப் போகவேண்டாம். திருத்த வேண்டியது இங்கே.

5. ஷொட்டுகள்: இருட்டை எடுக்க வெளிச்சம் வேண்டும்

இருட்டுக்குள் கமராவை நீட்டி ஐ.எஸ்.ஓ.வைக் கூட்டினால் கிடைப்பது இருட்டு அல்ல, ஊரும் புள்ளிகள். ஐ.எஸ்.ஓ.வை 800க்கு மேல் போகவிடாமல் பூட்டிவிட்டு, ஒரு சிறு இடத்தை மட்டும் நன்றாக வெளிச்சமாக்கி, மிச்சத்தை விட்டுவிடுங்கள். கண் அந்த வெளிச்சத்தைப் பார்த்து, அதைச் சுற்றியிருப்பதை இருட்டென்று படிக்கும்.

வெளிச்சம் ஆளுக்குப் பின்னால் அல்லது பக்கத்தில் இருக்கட்டும். 9 வாட் பல்பைக் கதவுக்குப் பின்னால் மறைத்து, தலைமயிரும் தோளும் மட்டும் கோடாகத் தெரியும்படி வையுங்கள். முகத்துக்கு நேரே டோர்ச் அடித்தால் தட்டையாகிவிடும். டோர்ச்சை வெள்ளைச் சீலையில் அடித்து அதிலிருந்து தெறிக்கும் வெளிச்சத்தைப் பாவியுங்கள். சீமெந்துத் தரையை நனைத்தால் ஒரு விளக்கே இரண்டு விளக்கின் வேலை செய்யும்.

வெளிச்சக் கற்றை தெரியச் சாம்பிராணிப் புகை போதும். யன்னல்களைச் சாத்தி, ஃபானை நிறுத்தி, புகை பரவி மெலிந்தபின் எடுங்கள். புகை கிளம்பும்போதே எடுத்தால் பூசை நடப்பது போல் இருக்கும். முன்னிருந்து வெளிச்சம் விழுந்தால் புகை வெள்ளைத் திரையாகிவிடும். பின்னிருந்து விழுந்தால்தான் கற்றை.

வெளிக் காட்சிகளுக்கு ஒரு கணக்கு உண்டு. நம் பக்கத்தில் பொழுது பட்டபின் நீல வெளிச்சம் ஏறத்தாழ 20 நிமிடந்தான் நிற்கும். உப்புவெளி, நிலாவெளிக் கரை கிழக்கு நோக்கியது; சூரியன் தரைப்பக்கம் இறங்குவதால் மாலையில் கடல் முன்கூட்டியே நீலமாகிவிடும், கண்கூச்சமும் இல்லை. அந்த 20 நிமிடத்தில் நான்கு ஷொட்டுக்கு மேல் திட்டமிட வேண்டாம். நடிப்பவர் ஒத்திகையை நான்கு மணிக்கே முடித்து, ட்ரைபொட் நிற்கும் இடத்தில் மண்ணில் குறி போட்டு வையுங்கள்.

சட்டம் வைப்பதில் ஒரே விதி: ஆளைவிட வெற்றிடம் பெரிதாக இருக்கட்டும், அதுவும் ஆளின் முதுகுப்பக்கத்தில். தாய் இடது ஓரத்தில் யன்னலைப் பார்த்து நிற்கிறாள். வலது பக்கம் இருண்ட அறை முழுவதும் திறந்து கிடக்கிறது. எதையும் அங்கே வைக்கவேண்டியதில்லை. வைப்பதென்றால் அசையாமல், மங்கலாக, நடுவில் இல்லாமல், இரண்டு விநாடி மட்டும். பார்ப்பவர் தானாகக் கண்டுபிடித்தது, நீங்கள் காட்டியதைவிடப் பல மடங்கு வேலை செய்யும். கமராவைக் கையால் ஆட்டுவது பயம் என்று ஒரு பழக்கம் பரவியிருக்கிறது; மெல்ல, ஒரே சீராக முன்னே போகும் ஷொட் இந்தக் கதைக்கு எவ்வளவோ மேல்.

6. சொல் முதலில், காட்சி பிறகு

மகள் இருட்டில் கேட்கிறாள்: “அம்மா, கிணத்தடியில ஆரோ தண்ணி அள்ளுற சத்தம் கேக்குது.” தாய் அரைத்தூக்கத்தில் சொல்கிறாள்: “அப்பாதான். படு பிள்ளை.” இரண்டு விநாடி ஒன்றும் இல்லை. பிறகு சுவரில் மாலை போட்ட அப்பாவின் படம், கீழே சிறு விளக்கு.

இதையே திருப்பிப் பாருங்கள். மாலை போட்ட படத்தை முதலில் காட்டிவிட்டு “அப்பாதான்” என்று சொன்னால் பார்ப்பவருக்குச் செய்தி கிடைக்கும், குளிர் கிடைக்காது. சொல்லைக் கேட்டு ஆறுதலடைந்த மனதைக் காட்சி வந்து கவிழ்க்க வேண்டும். உரையாடல் உள்ள ஒவ்வொரு இடத்திலும் இந்த வரிசையைச் சோதியுங்கள்.

பேச்சு உங்கள் வீட்டுப் பேச்சாக இருக்கட்டும். இந்தியப் படங்களில் கேட்ட தமிழில் இந்தத் தாய் கதைத்தால் வீடு பொய்யாகிவிடும், வீடு பொய்யானால் கிணறும் பொய். பின்னணிக் குரலில் கதை சொல்லவே வேண்டாம். பக்கத்தில் ஒருவர் இருந்து விளக்கினால் பார்ப்பவர் தனியாக இல்லை என்று உணர்ந்துவிடுவார்.

7. வேகம், மௌனம், அடி

60 முதல் 76 வரையான 16 விநாடி என்பது 400 பிரேம். ஆறு ஷொட் 25 பிரேம் வீதம், அடுத்த ஏழு 15 பிரேம் வீதம், பிறகு ஒரே ஒரு ஷொட் மூன்று விநாடி அசையாமல், கடைசி ஒன்பது ஏறத்தாழ 8 பிரேம் வீதம். அந்த மூன்று விநாடி ஷொட்டை எடுத்துவிட்டால் வேகம் ஒரே சரிவாக இறங்கும். பார்ப்பவர் சரிவைப் பிடித்துக்கொண்டு அடி எப்போது வரும் என்று கணித்துவிடுவார்.

இந்த வேகத்தில் முக்கியமான பொருள் சட்டத்தின் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். கண் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் பாயத் தொடங்க ஏறத்தாழ 200 மில்லி விநாடி ஆகும். அது 5 பிரேம். 8 பிரேம் ஷொட்டில் ஒரு முகம் இடது ஓரத்திலும் அடுத்த கை வலது ஓரத்திலும் இருந்தால், கண் போய்ச் சேருமுன் ஷொட் முடிந்துவிடும். ‘ஒன்றும் விளங்கவில்லை’ என்று சொல்பவர் கதையைச் சொல்லவில்லை, இதைத்தான் சொல்கிறார்.

விளக்கு மினுங்கும் காட்சி வைத்தால் ஒரு விநாடிக்கு மூன்று தடவைக்கு மேல் வேண்டாம். ஒளி மினுக்கத்தால் வலிப்பு வரக்கூடியவர்கள் இருக்கிறார்கள்.

76 இல் எல்லாச் சத்தத்தையும் ஒரே பிரேமில் வெட்டுங்கள். மெல்ல மங்கவிடக்கூடாது, மங்கினால் அது ஓய்வு, வெட்டினால் அது பொறி. வெட்டிய இடத்தில் முழு வெறுமை வேண்டாம். டிஜிட்டல் வெறுமை வந்தால் போன் பழுது என்று தட்டிப் பார்ப்பார்கள். இரண்டாம் படியில் பதிந்த அறைச் சத்தத்தை அங்கே விரியுங்கள். திரையில் தாயின் முகம், கண் மட்டும் அசைகிறது. அசைவு இருந்தால்தான் வீடியோ நின்றுவிடவில்லை என்று தெரியும்.

இரண்டு விநாடி கழித்து: கிரீச். இன்னும் ஒன்றரை விநாடி: கிரீச். மூன்றாவது வரவேண்டிய இடத்தில் வராது. 82 இல், பார்ப்பவர் எண்ணிக்கையை விட்டுவிட்டு மூச்சு விடும் இடத்தில், அடி.

அடி மூன்று அடுக்கு. கீழே ஒரு தடித்த இடி, நடுவில் மரக்கதவு அறையும் சத்தம், மேலே 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸில் அதே கப்பியின் கிரீச். காது அதிகம் கூர்மையாக இருக்கும் பகுதி அது. அந்தக் கிரீச்சில் விநாடிக்கு 70 தடவை வொலியூம் துடிக்கும்படி ட்ரெமலோ போடுங்கள். மனித அலறலில் 30 முதல் 150 ஹெர்ட்ஸ் வரையான இத்தகைய சொரசொரப்பு இருப்பதையும், அதுவே அலறலை மற்றக் குரல்களிலிருந்து பிரித்து அச்சமூட்டுவதையும் 2015 இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஓர் அலறலையும் பாவிக்காமல் அலறலின் தன்மையை இரும்புக்குக் கொடுக்கிறோம்.

ஒலிக்கிளிப்பின் தலையில் ஃபேட் (சத்தம் மெல்ல ஏறும் தொடக்கம்) ஏதும் இருந்தால் எடுத்துவிடுங்கள். திடுக்கிடலை உண்டாக்குவது சத்தத்தின் அளவு மட்டுமல்ல, அது எழும் வேகம். இரண்டு பிரேம் ஃபேட் இருந்தாலே அடி தடவலாகிவிடும்.

சத்தமும் படமும் ஒரே பிரேமில் விழட்டும். சத்தம் ஒரு பிரேம் முந்தினால் பரவாயில்லை, பிந்தக்கூடாது. மண்டபத்தில் போடுவதென்றால் இது இன்னும் முக்கியம். ஒரு பிரேம் நேரத்தில் ஒலி ஏறத்தாழ 14 மீற்றர்தான் போகும். பின்வரிசைக்கு ஏற்கெனவே ஒரு பிரேம் பிந்தித்தான் கேட்கும்.

அடியின் படம் 6 முதல் 10 பிரேம். அதற்கு மேல் நின்றால் பார்ப்பவர் பயத்தை விட்டுவிட்டு ஒப்பனையை ஆராயத் தொடங்குவார். பிறகு கறுப்பு, தலைப்பு. 88 ஆவது விநாடியில், வெறும் கறுப்பில், 15 சென்ரிமீற்றரில் பதிந்த மூன்றாவது கிரீச்.

8. நிறமும் தலைப்பும்

பகல் காட்சிகளை இயல்பாக விடுங்கள். இரவுக்கு நிறச் செறிவைக் குறைத்து, விளக்கின் மஞ்சளை மட்டும் காப்பாற்றுங்கள். எல்லாவற்றையும் நீலப்பச்சையாக்கினால் இரவு, பகல் வேறுபாடு போய்விடும். கறுப்பை அடிமட்டம்வரை நசுக்காமல், மெல்லிய துகள் சேர்த்துவிடுங்கள். இல்லையென்றால் யூடியூப் சுருக்கும்போது இருட்டுப் பகுதியில் படிப்படியான வளையங்கள் தெரியும்.

தலைப்புக்குத் தடித்த எழுத்து. மெல்லிய தமிழ் எழுத்தின் சுழிகள் சுருக்கத்தில் கரையும். சில எடிட்டிங் மென்பொருள்கள் கொம்பையும் காலையும் இடம் மாற்றிப் போடும்; அப்படியானால் தலைப்பை வேறு மென்பொருளில் பி.என்.ஜி. படமாகச் செய்து கொண்டுவாருங்கள்.

9. ஒலி அளவு

எல்லாம் சத்தமாக இருந்தால் அடிக்கு ஏற இடம் இல்லை. உரையாடல் உச்சம் -12 டெசிபல் (0 தான் டிஜிட்டல் உச்சம்), அடித்தள முழக்கம் -30, தூரத்துக் கப்பி -26, கிட்டக் கப்பி -14, மௌனத்தில் அறைச் சத்தம் -50, அடி -3. உச்ச எல்லை -1.

வெளியிடுமுன் முழு ட்ரெய்லரையும் லிமிட்டரால் (உச்சங்களை அமுக்கும் கருவி) தூக்கிவிடுவது பலரின் பழக்கம். யூடியூப் ஏறத்தாழ -14 எல்.யு.எஃப்.எஸ். (சராசரிச் சத்த அளவின் அலகு) மட்டத்துக்கு மேலுள்ளதை எப்படியும் இறக்கிவிடும். ஆகவே தூக்கியதால் சத்தம் கூடாது; மௌனத்துக்கும் அடிக்கும் இடையிலான தூரம்தான் போய்விடும்.

ஒரு தடவை மோனோவில் கேளுங்கள். ஸ்டீரியோவில் அகலமாக்கிய முழக்கம் மோனோவில் சிலசமயம் ஒன்றையொன்று தின்று காணாமல் போகும்.

10. ஆட்களிடம் சோதிப்பது, பழுது பார்ப்பது

கதை தெரியாத ஐந்து பேருக்கு, ஒருவர் ஒருவராக, அவர்களுடைய போனிலேயே காட்டுங்கள். திரையைப் பார்க்காமல் அவர்களைப் பாருங்கள். கை எப்போது இறுகுகிறது, எப்போது கண் விலகுகிறது, எந்த விநாடியில் வொலியூமைக் குறைக்கிறார்கள் என்று எழுதுங்கள். “நல்லாயிருக்கு” என்ற பதிலை எழுத வேண்டாம். அடுத்த நாள் என்ன சத்தம் நினைவிருக்கிறது என்று கேளுங்கள். கப்பி என்று வராவிட்டால் 6 முதல் 24 வரையான பகுதியில் கப்பி அமுங்கிக் கிடக்கிறது.

82 இல் எவரும் திடுக்கிடவில்லையென்றால் முதலில் அடியைக் கூட்டப் போகாதீர்கள். அதற்கு முந்திய ஆறு விநாடியைப் பாருங்கள். அங்கே ஏதாவது முழக்கம் மிஞ்சியிருக்கும். எல்லாரும் 80 இலேயே கண்ணைச் சுருக்கினால் மௌனம் நீண்டுவிட்டது, அரை விநாடி வெட்டுங்கள். அடியில் சிரிப்பு வந்தால் அடியின் படம் அதிக நேரம் நின்றுவிட்டது, இரண்டு பிரேம் குறையுங்கள். 60 இல் வீட்டுக்குள் கப்பி கேட்பது விளங்கவில்லையென்றால், தாய் வெளியே நிற்கும் ஷொட்டுக்கும் உள்ளேயிருந்து வரும் சத்தத்துக்கும் இடையில் அவள் தலையை வீட்டுப்பக்கம் திருப்பும் ஷொட் வேண்டும்.

1080 இல் எடுத்திருந்தாலும் 4கே அளவுக்குப் பெருப்பித்து, 35 முதல் 45 மெகாபிட் அளவில் ஏற்றுங்கள்; யூடியூப் அதற்கு அதிக தரம் ஒதுக்குவதால் இருட்டுப் பகுதிகள் தப்பும். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் நிழல்கள் கட்டங்கட்டமாக உடையும். ஆவணமாக அனுப்புங்கள், ஹெட்போனில் கேட்கச் சொல்லி ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.